400 சதுர அடியில் ஒரு மேய்ப்பு நாய்

(கிராண்ட்பாஸில் தொடர்மாடிக் குடியிருப்பாளர்களின் மாலைக் கூட்டமொன்றில் மிருக வைத்தியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



என்னை அழைத்தவர்கள் ஒரேயொரு கேள்வியைத்தான் தந்தார்கள். "டொக்டர், எங்கட பிளட்டில அல்சேஷன் வளர்க்கலாமா, போர்டர் கொலி வளர்க்கலாமா? இதுக்கு முந்தி நாங்க நாய் வளர்த்ததில்ல." விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான வீடுகளுக்கு என் பதில், வேண்டாம். ஏன் வேண்டாம் என்று சொல்லத்தான் இவ்வளவு நேரம் கேட்டு வாங்கினேன். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களும் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். உங்களைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. நாயும் நீங்களும் பிரியாமல் இருப்பதற்கு வழி இருக்கிறது, அதையும் சொல்லுவேன்.

முதலில் வீட்டின் அளவு. 2010க்குப் பிறகு நகர அபிவிருத்தி அதிகார சபை வடகொழும்பில் எழுப்பிய தொடர்மாடிகளில் பல வீடுகள் 400 சதுர அடிதான். இரண்டு அறை, ஒரு குசினி, ஒரு குளியலறை, உடுப்புக் காயப்போட ஒரு சின்னப் பல்கனி. அதற்குள் அம்மம்மாவிலிருந்து பேரப்பிள்ளை வரை ஐந்தாறு பேர். இடம் போதாது என்பதால்தான் நான் வேண்டாம் என்கிறேன் என்று நினைப்பீர்கள். வத்தளைப் பக்கம் பெரிய வளவுகளில், தென்னை மரத்தடியில், பகல் முழுக்கச் சங்கிலியில் கிடந்து புத்தி பேதலித்த அல்சேஷன்களுக்கும் நான் வைத்தியம் பார்த்திருக்கிறேன். வளவு நாய்க்கு வேலை கொடுப்பதில்லை. தனியே அவிழ்த்துவிட்ட மேய்ப்பு நாய் மதிலோரம் ஓடி ஓடி, புல் செத்து மண் தெரியும்படி ஒரு தடம் போட்டுவிடும். ஆகவே சதுர அடிக் கணக்கை விட்டுவிடுவோம். இந்த நாய்களை மனிதர்கள் எந்த வேலைக்காக உருவாக்கினார்கள் என்பதிலிருந்து தொடங்குவோம்.

கொழும்பில் மேய்ப்பு நாய் என்றால் பெரும்பாலும் அல்சேஷன்தான், அதாவது ஜேர்மன் ஷெப்பர்ட். 1899ஆம் ஆண்டு ஜேர்மனியின் கார்ல்ஸ்ரூஹ நகரில் நடந்த நாய்க் கண்காட்சியில், மக்ஸ் ஃபொன் ஸ்டெஃபானிட்ஸ் என்ற குதிரைப்படை அதிகாரி ஒரு மேய்ப்பு நாயைக் கண்டு மயங்கி, அங்கேயே விலைக்கு வாங்கினார். அதற்கு ஹொராண்ட் என்று புதுப்பெயர் வைத்து, இனப் பதிவேட்டில் முதலாவது நாயாக எழுதினார். இன்று கிராண்ட்பாஸில் ஒரு வீட்டு வாசலில் படுத்திருக்கும் அல்சேஷனின் பரம்பரையும் அந்த ஹொராண்டிடம் போய்த்தான் சேர்கிறது.

அந்த நாட்டு மேய்ச்சல் முறையைக் கொஞ்சம் மனதில் படம்பிடித்துப் பாருங்கள். வயல்களுக்கு வேலி கிடையாது. ஒரு பக்கம் ஆடுகள் மேயும் புல், மற்றப் பக்கம் பயிர், நடுவில் ஓர் உழவுச் சால். ஆடுகள் அந்தச் சாலைத் தாண்டாதபடி, நாய் அந்தக் கோட்டிலேயே காலையிலிருந்து பொழுதுபடும்வரை போவதும் வருவதுமாக இருக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் மேய்ப்பன் ஏவிக்கொண்டிருக்க மாட்டான், நாயே பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த ஓயாத நடைக்கு ஏற்ற முதுகும் காலும் நெஞ்சும் உள்ள நாய்களையே தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து இணைசேர்த்தார்கள்.

இப்போது இங்கே வாருங்கள். அல்சேஷன் வைத்திருப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரு முறைப்பாடு உண்டு. "டொக்டர், இவன் முன்கதவிலயிருந்து பல்கனி வரைக்கும், பல்கனியிலயிருந்து கதவு வரைக்கும் ஓயாம நடக்கிறான். சாப்பாட்ட வச்சாலும் ஒரு வாய் திண்டிட்டுத் திரும்ப நடக்கிறான்." தரையோட்டில் நகம் தட்டும் அந்தச் சத்தம் நடுச்சாமத்தில் கீழ்வீட்டுக்காரரின் தலைக்கு மேலே கேட்கும். அவர் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் படியேறி வருவார். வீட்டுக்காரர் நாய்க்கு அடிப்பார். அடிவாங்கிய நாய் சற்று நேரம் படுத்திருந்துவிட்டு மறுபடியும் எழுந்து நடக்கும். ஆடும் இல்லை, பயிரும் இல்லை, அந்தக் கோடு மட்டும் அதன் உடம்புக்குள் இருக்கிறது. அந்த நாயை அடிக்க எனக்கு மனம் வராது, உங்களுக்கும் வரக்கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

போர்டர் கொலியின் வேலை வேறு. இங்கிலாந்தும் ஸ்கொட்லாந்தும் சந்திக்கும் மலைநாட்டில், கண்ணுக்கெட்டாத தூரத்தில் சிதறி மேயும் ஆடுகளைச் சுற்றிவளைத்து மேய்ப்பனிடம் கொண்டுவந்து சேர்ப்பது. 1893இல் நோதம்பர்லாந்தில் அடம் டெல்ஃபர் என்ற விவசாயியிடம் பிறந்த ஓல்ட் ஹெம்ப் என்ற நாயைத்தான் இந்த இனத்தின் மூதாதையாகச் சொல்வார்கள். குரைக்காது, கடிக்காது. நிலத்தோடு பதுங்கி, கண்ணால் பார்த்தே ஆட்டை நகர்த்தும். அந்தப் பார்வைக்காக அதனோடு இணைசேர்க்கப் பலரும் தங்கள் நாய்களைக் கொண்டுவந்தார்கள்.

பார்வையால் ஆடு எப்படி நகரும்? ஓநாய் இரை பிடிக்கும் ஒழுங்கை நினைத்துக்கொள்ளுங்கள். காணும், உற்றுப் பார்க்கும், பதுங்கும், துரத்தும், கவ்வும், கொல்லும். அமெரிக்க உயிரியலாளர் ரேமண்ட் கொப்பிஞ்சர் இதை விளக்கமாக எழுதியிருக்கிறார். போர்டர் கொலியில் முதல் நான்கையும் மனிதர்கள் மிகைப்படுத்திவிட்டு, கடைசி இரண்டையும் அடக்கிவைத்தார்கள். மாடு மேய்ப்பதற்கென்று உருவான இனங்களில் கவ்வுவதையும் கொஞ்சம் விட்டுவைத்தார்கள், குதிக்காலைக் கவ்வினால்தான் மாடு நகரும். அடக்கப்பட்டது அடியோடு இல்லாமல் போய்விடவில்லை. சூழ்நிலை பிழைத்தால் அது வெளியே வரும்.

அதை நான் என் கண்ணால் கண்டது ஆமர் வீதிப் பக்கத்துத் தொடர்மாடி ஒன்றின் மேல்மாடி நடைபாதையில். பள்ளிக்கூடம் விட்டு, ரியூஷனுக்குப் போவதற்கு முன்னால் கிடைக்கும் நேரத்தில் பிள்ளைகள் டெனிஸ் பந்தில் கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருந்தார்கள். விக்கெட்டுக்குப் பதில் ஒரு பிளாஸ்டிக் வாளி. ஒரு வீட்டின் இரும்புக் கம்பிக் கதவுக்குப் பின்னால் இளம் போர்டர் கொலி ஒன்று நெஞ்சைத் தரையில் அழுத்தி, ஒரு முன்னங்காலைத் தூக்கிப் பிடித்தபடி கிடந்தது. கண் இமைக்கவில்லை. பந்து அந்தப் பக்கம் போனால் தலை அந்தப் பக்கம், பிள்ளை இந்தப் பக்கம் ஓடினால் தலை இந்தப் பக்கம். வாயிலிருந்து எச்சில் நூலாக வடிந்து தரை நனைந்திருந்தது. வீட்டு அம்மாவுக்கு அது பெரிய பெருமை. "பாருங்க டொக்டர், எவ்வளவு அமைதியா மெச் பாக்குது" என்றார். அந்த நாயில் அமைதி என்பது மருந்துக்கும் இல்லை. ஒவ்வொரு மாலையும் அது ஒரு மந்தை சிதறுவதைப் பார்த்துக்கொண்டு, எதுவும் செய்ய முடியாமல் கிடந்தது. கம்பிக் கதவு சரியாகப் பூட்டாத ஒருநாளில் வெளியே பாய்ந்து, ஓடிக்கொண்டிருந்த ஒரு சிறுமியின் குதிக்காலைக் கவ்விவிட்டது. பெரிய காயமில்லை, இரண்டு பல் பட்ட தடம்தான். ஆனாலும் தோல் கிழிந்திருந்தது.

நம் நாட்டில் நாய்ப்பல் பட்டுத் தோல் கிழிந்தால் அது சின்ன விசயமில்லை. காயத்தைச் சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கு ஓடவேண்டும். 1973இல் இலங்கையில் விசர்நாய்க்கடி நோயால் இறந்தவர்கள் 377 பேர். இன்று அந்த எண்ணிக்கை மிகவும் குறைந்திருக்கிறது என்றால், அதற்கு ஆண்டுதோறும் நாய்களுக்குத் தவறாமல் போடும் தடுப்பூசி ஒரு முக்கிய காரணம். நாயை உள்ளூராட்சி சபையில் பதிய வேண்டும் என்ற சட்டம் 1901ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. குட்டி வாங்கும் பலருக்கு அப்படியொரு சட்டம் இருப்பதே தெரியாது. தடுப்பூசி அட்டையை அடையாள அட்டையோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். அன்று அந்த வீட்டில் அட்டை இருந்தது. இரண்டு குடும்பங்களுக்கும் அதுவே பெரிய ஆறுதலாயிற்று.

அந்த நாயைக் கெட்ட நாய் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பிறவியோடு வந்த வேலையை, ஆடு இல்லாத இடத்தில் செய்தது, அவ்வளவுதான். இங்குருகடைச் சந்திப் பக்கம் துறைமுகத்துக் கொள்கலன் லொறிகள் வரிசையாகப் போகும்போது, அவற்றின் சில்லை நோக்கிப் பாயும் மேய்ப்பு நாயும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஆட்டோவின் சில்லும் அதற்கு ஓடும் கால்தான். சங்கிலி கையிலிருந்து நழுவினால் என்ன நடக்கும் என்பதை நான் விவரிக்கத் தேவையில்லை.

"ஆனா டொக்டர், அது நல்ல புத்தியுள்ள நாயெண்டு சொல்றாங்களே, சொன்னாக் கேட்குமே?" உண்மை. சேசர் என்ற போர்டர் கொலிக்கு 1,022 விளையாட்டுப் பொருட்களின் பெயர் தெரியும் என்று 2011இல் ஆய்வுக் கட்டுரையே வெளிவந்தது. உங்கள் கைபேசியில் வரும் வீடியோக்களில் அந்த நாயைக் கண்டிருப்பீர்கள். அதற்குப் பின்னால் இருந்த மனிதரைக் கவனித்தீர்களா? ஜோன் பில்லி, ஓய்வுபெற்ற உளவியல் பேராசிரியர். நாளொன்றுக்கு நாலைந்து மணித்தியாலம், மூன்று வருடம், அந்த ஒரு நாயோடு உட்கார்ந்தார். கண்டி அஸ்கிரியவில் நம் பொலிஸின் நாய்ப் பிரிவைப் பார்த்தாலும் இதுதான் நிலைமை. அங்கே நாயோடு இருப்பதே ஒரு பொலிஸ்காரரின் உத்தியோகம். நீங்களோ காலை ஆறரைக்கு வீட்டைவிட்டுப் போய், 155 பஸ்ஸிலோ ஆட்டோவிலோ நெரிசல்பட்டு, இரவு ஏழு மணிக்கு வீடு திரும்புகிறீர்கள். புத்தியுள்ள நாய்க்கு அந்தப் பன்னிரண்டரை மணித்தியாலத்தில் என்ன வேலை? அது தானே ஒரு வேலையைக் கண்டுபிடிக்கும். செற்றியின் பஞ்சைப் பிடுங்கும், கதவுச் சட்டத்தைக் கடிக்கும், நடைபாதையில் போகும் ஒவ்வொரு செருப்புச் சத்தத்துக்கும் குரைக்கும். மந்தமான நாய் தூங்கிப் பொழுதைக் கழிக்கும். இது தூங்காது.

ஒரு விசயத்தில் நேர்மையாக இருக்க வேண்டும். ஓர் இனத்தைச் சேர்ந்த நாய்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை இல்லை. 2022இல் சயன்ஸ் சஞ்சிகையில் வந்த பெரிய ஆய்வொன்று, 18,000க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி உரிமையாளர்களிடம் கேட்டறிந்து, ஒரு தனி நாயின் குணத்தில் இனத்தால் விளக்கக்கூடியது ஏறத்தாழ 9 வீதம்தான் என்று கண்டது. சோம்பேறியான போர்டர் கொலியும் இருக்கிறது, பந்துக்குப் பைத்தியமான தெருநாயும் இருக்கிறது. இதைச் சொன்னவுடன் சிலர் என்னை மடக்குவார்கள், "அப்ப எங்களுக்குச் சோம்பேறியே வாய்க்கலாமே" என்று. வாய்க்கலாம். ஆனால் எட்டு வாரக் குட்டியைப் பார்த்து அதை யாரும் சொல்ல முடியாது, நானும் சொல்ல மாட்டேன். அதே ஆய்வில், மனிதர் ஏவுவதைக் கவனித்துக் கேட்கும் இயல்பில் மட்டும் இனத்தின் பங்கு மற்றக் குணங்களைவிடக் கூடுதலாகத் தெரிந்தது. மேய்ப்பு இனங்களின் ஆணிவேர் அதுதான். அவை நம் முகத்தையே பார்த்துக்கொண்டு, அடுத்தது என்ன என்று காத்திருப்பவை. சொல்ல ஆளில்லாத வீடு அவற்றுக்கு மிகப் பெரிய கொடுமை.

வெக்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அல்சேஷனுக்கும் கொலிக்கும் இரட்டை உரோமம், குளிர்நாட்டுச் சட்டை. நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது, நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்தே சூட்டை இறக்கும். கொழும்பின் காற்றில் ஈரம் கூடுதலாக இருப்பதால் அந்த வழியும் சரியாக வேலை செய்யாது. ஆரோக்கியமான நாயின் உடல் வெப்பநிலை ஏறத்தாழ 38.3 முதல் 39.2 பாகை. 41ஐத் தாண்டினால் உயிர் ஆபத்து. ஏப்ரல் மாதத்தில் காலை ஒன்பது மணிக்குப் பிறகு இந்த நாய்களைத் தார் ரோட்டில் ஓடவிடாதீர்கள். பாதமும் வேகும், உடம்பும் வேகும். மேய்ப்பு நாய் களைத்தாலும் நிற்காது, நீங்கள் பந்தை எறிந்தால் விழும்வரை ஓடும். நிறுத்தவேண்டியது நீங்கள்.

2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாட்கள் உங்களுக்கு மறந்திருக்காது. லிப்ட் இல்லை, காற்றாடி இல்லை. முப்பது கிலோவுக்கு மேற்பட்ட, இடுப்பு மூட்டு பழுதடைந்த அல்சேஷனைப் பத்தாம் மாடியிலிருந்து ஒன்றுக்கிருக்க இறக்கி ஏற்றியவர்கள் என்ன பாடுபட்டார்கள் என்பதை அவர்கள் வாயால் கேட்டிருக்கிறேன். இடுப்பு மூட்டுக் கோளாறு இந்த இனத்தில் சாதாரணம். குட்டிக்கு ஒரு வயது தாண்டும்வரை எலும்பு முனைகள் முற்றாது, அதனால் நீளமான படிக்கட்டுகளில் நாள்தோறும் ஓடி இறங்க விடக்கூடாது. அதே வருடம் இறக்குமதி நாய்த்தீனின் விலையும் ஏறியது. பலர் சோறும் கருவாடுமாகக் கொடுத்துச் சமாளித்தார்கள். சிலர் நாயையே தெருவில் விட்டார்கள். அந்த வருடம் என் மேசைக்கு வந்த எலும்பும் தோலுமான இன நாய்களை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

அயலவர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேசப்போகிறேன், ஏனென்றால் இது கிராண்ட்பாஸ். ஒரே மாடியில் ஒரு வீட்டில் மாதா படம், அடுத்த வீட்டில் பிள்ளையார், அதற்கடுத்ததில் ஆயத்துல் குர்ஸி. நம் முஸ்லிம் அயலவர்கள் பெரும்பாலும் ஷாஃபி மத்ஹபைப் பின்பற்றுபவர்கள். நாயின் எச்சில் பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த நீரால் என்பது அவர்கள் கடைப்பிடிக்கும் முறை. பள்ளிக்குத் தொழப் போகிறவர் லிப்டில் ஏறும்போது, ஈர மூக்கோடு முன்னே பாயும் ஒரு நாயை அவர் மேல் விட்டுவிட்டு "ஒண்டும் செய்யாது, சும்மா விளையாடுது" என்று சொல்வது சரியில்லை. கடிக்குமோ என்பது அவருடைய கவலை இல்லை. அவர் திரும்பவும் வீட்டுக்குப் போய்க் கழுவி, உடுப்பு மாற்றி, ஜமாஅத்தைத் தவறவிட வேண்டிவரும். மேய்ப்பு நாய் மற்ற நாய்களைவிடச் சுறுசுறுப்பானது, அசைகிற ஒவ்வொன்றுக்கும் எதிர்வினை காட்டுவது. அதை லிப்டுக்குள் அசையாமல் இருக்கப் பழக்கும்வரை படியில் போங்கள், அல்லது ஆள் இல்லாத லிப்டுக்குக் காத்திருங்கள். இந்த மரியாதையைக் காட்டும் வீடுகளில் அயலவர்களே நாய்க்கு எலும்பு எடுத்துவைத்துக் கொடுப்பதையும் பார்த்திருக்கிறேன்.

குட்டி வாங்குமுன் உங்கள் கட்டடத்தின் விதிகளைக் கேட்டு வாசியுங்கள். 1973இல் வந்த தொடர்மாடி ஆதனச் சட்டத்தின் கீழ் அமைந்த கட்டடங்களில் முகாமைத்துவக் கூட்டுத்தாபனங்களுக்கு விதி வகுக்கும் உரிமை உண்டு. வாடகை வீடென்றால் வீட்டுச் சொந்தக்காரரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். வாயால் தந்த சம்மதம் முதல் முறைப்பாட்டோடு போய்விடும்.

ஒரு மருந்தைப் பற்றி எச்சரிக்காமல் போனால் நான் வைத்தியன் இல்லை. உண்ணிக்கும் சொறிக்கும் ஐவர்மெக்டின் என்ற மருந்து நம் ஊரில் தாராளமாகப் புழங்குகிறது. தெரிந்தவர் சொன்னார் என்று மாட்டுக்குப் போடும் ஊசிமருந்தை நாய்க்கு ஏற்றுபவர்களும் இருக்கிறார்கள். கொலி என்ற தனி இனத்து நாய்களில் (போர்டர் கொலி வேறு) ஏறத்தாழ 70 வீதத்துக்கு எம்டிஆர்1 என்ற மரபணுவில் ஒரு மாற்றம் இருக்கிறது. மருந்து மூளைக்குள் புகாமல் தடுக்கும் காவல் அந்த நாய்களில் சரியாக வேலை செய்யாது. 2001இல் கத்ரினா மீலி என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் இதைக் கண்டறிந்தார்கள். அவுஸ்திரேலியன் ஷெப்பர்டில் ஏறத்தாழ பாதிக்கு இது உண்டு, அல்சேஷனில் பத்தில் ஒன்றுக்கு, போர்டர் கொலியில் மிகக் குறைவு. தெருநாயைச் சுகப்படுத்திய அதே அளவு, கொலியைத் தள்ளாடவைத்து, கண் தெரியாமலாக்கி, மயக்கத்தில் கொண்டுபோய்க் கொன்றுவிடலாம். உங்கள் நாய் மேய்ப்பு இனம், அல்லது அதன் கலப்பு என்றால், எந்த வைத்தியரிடம் போனாலும் ஊசியை எடுக்கும் முன்னமே அதைச் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

இவ்வளவும் கேட்ட பிறகு, தொடர்மாடியில் இந்த நாய்களை நன்றாக வளர்ப்பவர் எவருமே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். துறைமுகத்தில் வேலைசெய்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் ஆறாம் மாடியில் ஓர் அல்சேஷன் பெட்டையோடு இருக்கிறார். விடிய நாலரைக்கு இறங்கி, தெருநாய்கள் முறுகும் சந்துகளை விட்டு விலகி, வெயில் ஏறுமுன் திரும்பிவிடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் மகனின் ஆட்டோவில் மட்டக்குளி காக்கைத்தீவுக் கடற்கரைக்கு. ஆனால் அந்த நாயை நிம்மதியாக வைத்திருப்பது நடை என்று நான் நினைக்கவில்லை. வீட்டுக்குள் அவர் கொடுக்கும் வேலைதான். கருவாட்டுத் துண்டொன்றைப் பழைய பேப்பரில் சுற்றி, அரிசி வாளிக்குப் பின்னால், சாமி அறைத் திரைக்குக் கீழே, தன்னுடைய சப்பாத்துக்குள் என்று ஒளித்துவைப்பார். "தேடு" என்று ஒரு சொல். நாய் மூக்கைத் தரையில் வைத்து அறை அறையாகப் போகும், வாலின் நுனி மட்டும் ஆடும். கிடைத்ததும் அவர் காலடியில் கொண்டுவந்து வைத்துவிட்டு முகத்தைப் பார்க்கும். அப்படிப் பத்து நிமிடம் மூக்கால் வேலைசெய்த பிறகு, மத்தியானம் முழுக்க ஆழ்ந்து தூங்குகிறது. பேப்பர்காரன் கொடுக்கும் பத்திரிகையைக் கீழிருந்து வாயில் கொண்டுவருவதும் அதன் பொறுப்பு. அவரிடம் நேரம் இருக்கிறது, பொறுமை இருக்கிறது, நாய் நடந்துகொள்ளும் விதத்தை வாசிக்கும் கண் இருக்கிறது. அவர் முதன்முறை நாய் வளர்ப்பவரும் இல்லை.

ஏற்கெனவே குட்டி வீட்டில் இருப்பவர்கள் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான். ஓடவைத்துக் களைக்கப்பண்ண முயலாதீர்கள். தினமும் ஒரு மணித்தியாலம் பந்தெறிந்தால் இரண்டு மாதத்தில் இரண்டு மணித்தியாலம் ஓடக்கூடிய நாய் ஒன்றைத்தான் உருவாக்குவீர்கள். பந்து அந்தத் துரத்தும் வெறியை மேலும் ஊதிவிடும். மூக்குக்கு வேலை கொடுங்கள், சாப்பாட்டைத் தட்டில் கொட்டாமல் தேடி எடுக்க வையுங்கள், சிறுசிறு பாடங்களாகச் சொல்லிக்கொடுங்கள். அதைவிட முக்கியம், ஒன்றும் செய்யாமல் பாயில் படுத்திருப்பதையும் ஒரு பாடமாகவே பழக்குங்கள். மேய்ப்பு நாய்க்கு அது தானாக வராது. நடைபாதையில் பிள்ளைகள் விளையாடும் நேரத்தில் கதவுக்கு ஒரு துணித் திரை போட்டு, நாயை உள்ளறையில் வேலையில் வையுங்கள். குட்டிக்கு மூன்று முதல் பதினான்கு வாரம் வரை மனம் திறந்திருக்கும் காலம். தடுப்பூசிகள் முடியும்வரை தெருத் தரையில் விடமுடியாது, பார்வோ நோய் கொன்றுவிடும். அதற்காக வீட்டுக்குள் பூட்டிவைக்காமல் கையில் தூக்கிக்கொண்டு கொஸ்கஸ் சந்திவரை போங்கள். லொறி, கோயில் மணி, பாங்கு, வெடிச்சத்தம், முக்காடு போட்டவர், தலைக்கவசம் போட்டவர், எல்லாவற்றையும் உங்கள் கையிலிருந்தபடி அது பார்க்கட்டும், கேட்கட்டும்.

இன்னும் வாங்காதவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இரண்டு வாரம் நாய் இல்லாமலே ஒத்திகை பாருங்கள். விடிய நாலரைக்கு எழும்பி அரை மணித்தியாலம் நடந்து பாருங்கள், மழை பெய்தாலும். இரவு வேலை முடிந்து வந்து, சாப்பிடுமுன் மறுபடி இறங்கி நடந்து பாருங்கள். இடையில் யார் வீட்டில் இருக்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அம்மம்மா என்று எழுதினால், முப்பது கிலோ நாயை அம்மம்மாவால் பிடிக்க முடியுமா என்றும் பக்கத்தில் எழுதுங்கள். பிள்ளைகள் கேட்கிறார்கள் என்பதற்காக வாங்குபவர்கள் அதிகம். பிள்ளை ஓ.எல். பரீட்சைக்குப் படிக்கத் தொடங்கும்போது நாய்க்கு மூன்று வயது, இன்னும் பல வருடம் அது உயிரோடு இருக்கும்.

நாய்தான் வேண்டும், வீடு பிளட், அனுபவம் இல்லை என்றால், வளர்ந்த தெருநாய் ஒன்றை எடுங்கள் என்பேன். ஒட்டாரா குணவர்தன 2007இல் தொடங்கிய எம்பார்க் போன்ற அமைப்புகள் தெருநாய்களுக்கு வீடு தேடிக் கொடுக்கின்றன. வளர்ந்த நாயின் குணம் கண்ணுக்குத் தெரியும், பிள்ளைகளோடு எப்படி, பூனையோடு எப்படி, தனியே இருக்குமா என்று கேட்டறியலாம். இந்த வெக்கைக்குப் பிறந்த உடம்பு, மெல்லிய மயிர், பகலில் நிழல் கண்ட இடத்தில் தூங்கத் தெரிந்த பிராணி. எல்லாத் தெருநாயும் கதவு மூடிய வாழ்க்கைக்குப் பழகும் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன். தெருவுக்கே திரும்பத் துடிப்பவையும் உண்டு. ஆகவே சில வாரம் தற்காலிகமாக வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். மாடிப்படியடியில் ஏற்கெனவே படுத்திருக்கும், உங்களைக் கண்டால் வாலாட்டும் அந்தக் கறுப்பனையும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

கடைசியாக, எவ்வளவு முயன்றும் முடியாமல் போனவர்களுக்கு. அப்படி நேர்வது பாவமில்லை, சந்தையிலோ பாலத்தடியிலோ இரவோடிரவாக இறக்கிவிடுவதுதான் பாவம். வீட்டு அல்சேஷனுக்குத் தெருவில் பிழைக்கத் தெரியாது, அங்கேயுள்ள நாய்கள் அதை வாழவும் விடா. "காவலுக்கு வேணும்" என்று கேட்டு வருபவரிடமும் சட்டென்று கொடுத்துவிடாதீர்கள். களஞ்சியத்து வாசலில் சங்கிலியில்தான் அதன் மிச்ச ஆயுள் போகும். பகலில் வீட்டில் ஆள் இருக்கும், முன்பு பெரிய நாய் வளர்த்த குடும்பம் ஒன்றைத் தேட உங்கள் வைத்தியரின் உதவியைக் கேளுங்கள். கருத்தடை செய்துவிட்டே கொடுங்கள், இல்லாவிட்டால் குட்டி போட்டு விற்பதற்கென்றே வாங்குவார்கள். தடுப்பூசி அட்டையோடு ஒரு தாளும் சேர்த்து அனுப்புங்கள். எந்தச் சத்தத்துக்குப் பயம், எதைத் தின்றால் வயிறு கெடும், ஐவர்மெக்டின் போடலாமா கூடாதா, யாரைக் கண்டால் பாயும் என்று ஒளிக்காமல் எழுதுங்கள். நாய் போகும் வீடு சிங்களக் குடும்பமாக இருந்தால், நீங்கள் பழக்கிய "இரு", "வா", "விடு", "தேடு" எல்லாவற்றையும் சிங்கள எழுத்தில், நீங்கள் சொல்லும் ஒலியிலேயே எழுதிக்கொடுங்கள். புதிய வீட்டில் முதல் நாள் இரவு அதற்கு விளங்கப்போவது அந்த நாலு சொல் மட்டும்தான்.